கேட்காமல் எழுதிய கடிதம்

கோர்ட் டவாலி என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்.

"குத்தாலிங்கம்... குத்தாலிங்கம்... குத்தாலிங்கம்..."

நான் அவருக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றேன். காலையில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருந்தோம். ஆனாலும் வராண்டாவைப் பார்த்து, ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி மூன்று தடவை கூப்பிட்டால்தான் கோர்ட்டில் கூப்பிட்டதாக அர்த்தம்.

"இங்கனதானவே நிக்கேன்" என்றேன் மெதுவாக.

"தெரியும்வே. ஏறும்."

சாட்சிக் கூண்டுக்கு இரண்டே படி. அந்தப் படி வரைக்கும் எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறேன். 'பயப்படாதீய, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க' என்று முதுகைத் தட்டி ஏற்றியிருக்கிறேன். நான் ஏறியது அன்றுதான்.

கூண்டின் மரக்கட்டை வழுவழுவென்று இருந்தது. பயந்தவர்கள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த கட்டை. என் கையும் ஈரமாகத்தான் இருந்தது. வெளியே சாரல். ஜன்னல் வழியாகக் காற்று வந்து மேஜைத் தாள்களைத் தூக்கியது. பெஞ்ச் கிளார்க் ஒரு கையால் தாளை அமுக்கிக்கொண்டு இன்னொரு கையால் எழுதினார்.

எதிர்ப்பக்கம் பேச்சியம்மாள் நின்றாள். கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர் யாரானாலும் 'எதிரி'. இருபத்தொரு வயதுப் பெண். ஒல்லி. காலில் ஓட்டப் பயிற்சிக்குப் போடுகிற ஷூ. கிரவுண்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், ஷூவில் செம்மண் காயவில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் அப்பா சுடலைமுத்து பார்த்தார். கதவோரம் கை கட்டி நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படிப் பார்த்தார் என்று சொல்ல, பின்னால் போக வேண்டும்.

மன்னிப்பு அண்ணாச்சி

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் போன் செய்தார். "கோர்ட்டுக் கதைன்னா சிரிப்பாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றார். சந்தோஷம். இந்த வாரம் அப்படி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வக்கீல் குமாஸ்தா. எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்து நன்றாக இருக்கும். என்னிடம் உள்ளது அது ஒன்றுதான். அதை வைத்துத்தான் தென்காசி கோர்ட்டில் காலம் தள்ளினேன்.

நான் வேலை பார்த்தது ஒரு பெண் வக்கீலிடம். அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே இருக்கட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை, காலேஜ் பிள்ளை மேல் கேஸ் என்றால் எங்கள் ஆபீஸைத்தான் கை காட்டுவார்கள். இலவச சட்ட உதவியில் வருகிற கேஸும் மேடத்திடம் வரும். மேடம் அலுத்துக்கொள்ள மாட்டார்.

"பிள்ளையளுக்கு ரெண்டு கோர்ட்டு அண்ணாச்சி" என்பார். "ஒண்ணு இங்கன இருக்கு. இன்னொண்ணு ஹெட்மாஸ்டர் ரூம்ல இருக்கு. அங்கன வக்கீலை உள்ள விட மாட்டாவ."

அந்த இரண்டாவது கோர்ட்டு என் வேலை.

அங்கே ஒரே ஒரு மனுதான் செல்லும். மன்னிப்புக் கடிதம். பெற்றோர் கையெழுத்துடன். சாப்பாட்டு டப்பாவில் செல்போன் கொண்டுபோனவன், பஸ் ஸ்டாண்டில் அடித்துக்கொண்டவன், மதில் ஏறிக் குதித்தவன், எல்லோருக்கும் நான் எழுதியிருக்கிறேன். முதலில் வலது பக்கம் மேலே தேதி. தேதி போடாமல் என் பேனா நகராது. பிறகு அனுப்புநர், பெறுநர். பிறகு அந்த ஒரு வரி.

'நான் அறியாமல் செய்த இந்தத் தவறை மன்னித்து, என்னைத் தொடர்ந்து படிக்க அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

அந்த வரியை ஆளுக்கு ஏற்ற மாதிரி மாற்றியதே இல்லை. யார் வந்தாலும் அதே வரி.

ஆலங்குளத்திலிருந்து ஒரு பையன் வந்தான். தலைமுடியில் மின்னல் மாதிரி கோடு போட்டதற்கு ஸ்கூலில் வெளியே நிறுத்தியிருந்தார்கள். வரும்போது மொட்டைத் தலை.

"ஏலே, அதான் மொட்டையே போட்டுட்டியே. இனி என்னத்துக்கு மன்னிப்பு?"

"மொட்டை போட்டதுக்குத்தான் அண்ணாச்சி. லீவு சொல்லாம திருச்செந்தூர் போயிட்டேன்னு நெனச்சிட்டாவ."

அவனுக்கும் அதே வரிதான். டீக்கடையில் என்னை 'மன்னிப்பு அண்ணாச்சி' என்றார்கள். "வீட்டுல ஆச்சிக்கும் எழுதிக் குடுத்திருவீரோ?" என்று கேட்பார்கள். "அது வாய்மொழியா" என்பேன்.

எவ்வளவோ எழுதினேன். ஒருவரிடமும் 'நீ செய்தாயா' என்று கேட்டதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

தண்டவாளத் துண்டு

எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. வேப்ப மரத்தில் கம்பியில் தொங்கும். இரும்புக் கம்பியால் அடித்தால் பக்கத்துத் தெருவரை கேட்கும். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு திங்கட்கிழமை அது காணாமல் போனது. பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள்.

முந்தின சாயங்காலம் அந்த மரத்தடியில் என்னைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பார்த்தது நிஜம். பம்பரம் தேடிப் போனேன்.

ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை. "எடுத்தேன், மன்னிக்கவும்னு ரெண்டு வரி எழுதிக் குடு. உள்ள போ" என்றார். நான் எடுக்கவில்லை. அதனால் எழுதவில்லை. மூன்று நாள் வெளியே நின்றேன். உள்ளே பாடம் நடக்கும், எனக்குக் கேட்கும். மணிக்குப் பதில் ஒரு தட்டைத் தட்டினார்கள்.

நான்காம் நாள் போகவில்லை. அப்பா ஒரு அரிசி மில்லில் சேர்த்துவிட்டார். அவ்வளவுதான் என் படிப்பு.

மில்லில் மூட்டை மேல் பெயர் எழுதும்போது நினைப்பேன். இரண்டு வரி. எழுதிக் கொடுத்திருந்தால் நான் என்னவாகவோ ஆகியிருப்பேன். அந்த எண்ணம் எனக்குள் உறைந்துவிட்டது. அதனால்தான் பிற்பாடு யார் பிள்ளை வந்து நின்றாலும் கேள்வி கேட்காமல் எழுதிக் கொடுத்தேன். செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி. முதலில் உள்ளே போ. படி.

அதை நல்ல காரியம் என்று நம்பினேன்.

ஐந்து நாள்

சுடலைமுத்து இலஞ்சியில் தென்னை மரம் ஏறுகிறவர். நெஞ்சில் மரம் உரசிய தழும்பு சட்டைக்கு மேலேயும் தெரியும். மேடத்தின் தோப்பில் தேங்காய் பறிப்பவர், அந்தப் பழக்கம். ஒரு நாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். பேச்சியம்மாள் அப்போது காலேஜில் இரண்டாம் வருஷம்.

நடந்தது இது. காலேஜ் ஸ்டாப்பில் சாயங்கால டவுன் பஸ் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பல நாள். பிள்ளைகள் ஒரு நாள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் வந்தது. கூட்டத்திலிருந்து ஒரு கல் போனது. முன் கண்ணாடி நொறுங்கி டிரைவர் கையில் கீறியது. யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். கூட்டத்துக்கு முன்னால், கையைத் தூக்கிக்கொண்டு, முகம் தெளிவாகத் தெரிய நின்றவள் பேச்சி. கல் படத்தில் இல்லை. கை இருந்தது.

காலேஜில் உடனே சஸ்பெண்ட். பரீட்சைக்கு ஐந்து நாள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் ஹால் டிக்கெட், இல்லாவிட்டால் டி.சி. என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

மேடம் அன்று மதுரை ஐகோர்ட்டுக்குப் போயிருந்தார்.

"மேடம் வர சாயங்காலம் ஆவும்" என்றேன்.

"பன்னெண்டு மணிக்குள்ள குடுக்கணுமாம் அண்ணாச்சி" என்றார் சுடலைமுத்து. வேட்டியை மடித்துக் கட்டுவதும் இறக்கி விடுவதுமாக நின்றார். "இவ போலீஸ்ல சேரணும்னு வெடியக்காலம் எந்திரிச்சு ஓடுதா. எங்க தெருவுல வீட்டுக்கு ஒருத்தன் போலீஸு, இல்லன்னா பட்டாளம். பொம்பளப் பிள்ள இன்னும் ஒண்ணும் போவல. டிகிரி இல்லாம நின்னுட்டான்னா..."

"ஒண்ணும் ஆவாது. உக்காருங்க."

தாளை எடுத்தேன். தேதி போட்டேன். அனுப்புநர், பெறுநர். 'மேற்படி நாளில் பேருந்தின் மீது கல் எறிந்த சம்பவத்தில்' என்று எழுதி, என் வரியைச் சேர்த்தேன். 'நான் அறியாமல் செய்த இந்தத் தவறை மன்னித்து.' பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கடிதத்தைப் பேச்சி பக்கம் தள்ளினேன். படித்தாள். பேனாவை எடுத்தாள். வைத்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்..."

"பேசாத ஏட்டி. கையெழுத்தப் போடு. பரீட்சை முக்கியம்."

சுடலைமுத்துவும், "அண்ணாச்சி சொல்லுதாவல்லா, போடு" என்றார்.

போட்டாள். அவரும் போட்டார். பதினொன்றரைக்குக் கடிதம் காலேஜில் இருந்தது. மறுநாள் ஹால் டிக்கெட் வந்தது. எனக்குத் திருப்தி.

வரி நடந்து போன வழி

பஸ் டிரைவர் ஏற்கெனவே போலீஸில் புகார் கொடுத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

போலீஸ் காலேஜுக்கு விசாரிக்கப் போனது. காலேஜில் கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதுவரை எஃப்ஐஆரில் 'பெயர் தெரியாத மாணவர்கள்' என்று இருந்தது. கடிதம் போன பிறகு பெயர் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு பெயர். பொதுச் சொத்துக்குச் சேதம், ஊழியருக்குக் காயம். அவளுக்குப் பத்தொன்பது வயது முடிந்திருந்தது. சிறார் என்ற பாதுகாப்பும் இல்லை.

மேடம் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"போலீஸ்ல புகார் இருக்கான்னு கேட்டியளா அண்ணாச்சி?"

"கேக்கல."

"இவ எறிஞ்சாளான்னு கேட்டியளா?"

"கேக்கல."

"எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே."

"கோர்ட்ல இருப்பிய, ஆஃப்ல கெடக்கும்னு..."

"மத்தியானம் ஆன்ல இருந்திருக்கும்" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்ல நிக்காது. வாத்தியார்கிட்ட எழுதிக் குடுத்தது நிக்கும். அதான் சங்கடம்" என்றார்.

அதற்குப் பிறகு மேடம் அந்தப் பிள்ளைக்காக ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியும். முன்ஜாமீன் வாங்கினார். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனை. பரீட்சை பத்து மணிக்கு. நேரத்தை மாற்றச் சொல்லி மறுபடி மனு. சாயங்காலம் ஐந்து மணி ஆனது. பேச்சி பரீட்சை எழுதிவிட்டு, விரலில் மையோடு, ஸ்டேஷன் நோட்டில் கையெழுத்துப் போடுவாள். நான் வெளியே நிற்பேன். ஒரு நாள் சொன்னாள்:

"உள்ள ஒரு போலீஸ் அக்கா இருக்காவ அண்ணாச்சி. டிரெஸ்ஸுல கஞ்சி போட்டு என்னமா நிக்காவ தெரியுமா."

கேஸ் இருக்கிறது என்று காலேஜில் மறுபடி விசாரணைக் குழு போட்டார்கள். வக்கீலுக்கு அனுமதி இல்லை. மேடம் பேச்சிக்கு என்ன கேட்டால் என்ன பதில் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து அனுப்பினார். கோர்ட் முடிவு சொல்லும்வரை நீக்க முடியாது என்று நோட்டீஸும் விட்டார். மூன்றாம் வருஷமும் முடித்தாள். கிரவுண்டிலும் ஓடிக்கொண்டிருந்தாள். கேஸும் வாய்தா வாய்தாவாக ஓடியது.

ஒரு வார்த்தை

சாட்சி விசாரணை வந்தது. டிரைவர் வந்தார். "ஒரு பொண்ணு கையைத் தூக்குச்சு. கல்லு எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்கல" என்று நேர்மையாகச் சொன்னார். படத்திலும் கல் இல்லை. மிச்சம் இருந்தது கடிதம்தான். பிரின்சிபால் வந்து, மாணவி தானாக எழுதிக் கொடுத்தது என்றார். அவருக்கு அப்படித்தான் தெரியும்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். "கடிதம் யார் எழுத்துன்னு நீங்க வந்து சொல்லணும் அண்ணாச்சி. எல்லாருக்கும் எழுதுத அதே வரின்னு சொல்லணும்."

"சொல்லுதேன்."

"அரசு வக்கீல் கேள்வி கேப்பாரு. உள்ளதச் சொல்லுங்க." மேஜையில் இருந்த பேனாவை நகர்த்தி நகர்த்தி வைத்தார். "நான் வேற ஒண்ணும் சொல்லித்தர மாட்டேன்."

புரிந்தது. எந்தச் சாட்சிக்கும் அதற்கு மேல் சொல்லித்தராதவர் அவர்.

மறுநாள் சுடலைமுத்து என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி சொன்னார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அவ வாயெடுத்தா. நாமதான் அடக்கிட்டோம். 'எறியலன்னு அவ சொன்னா. நான்தான் கேக்காம எழுதிட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. பொய்யா அது? அவ எறியலதானே."

"எனக்குத் தெரியாது சுடலை."

"எனக்குத் தெரியும்லா."

"நீரும் பாக்கலியே."

அவர் முகம் சுருங்கியது. "காக்கிச் சட்டை போடணும்னு ஓடுத பிள்ளை அண்ணாச்சி. போலீஸாவணும்னு ஓடுத பிள்ளை கல்லெறிவாளா?" என்றார்.

பார்க்கலாம் என்றேன். வரேன் என்றும் சொல்லாமல் போனார்.

மூன்று நாள் அந்த வார்த்தையை வாய்க்குள் வைத்துப் பார்த்தேன். எறியலன்னு சொன்னா. எறியலன்னு சொன்னா. குளிக்கும்போது சொன்னேன். சைக்கிளில் போகும்போது சொன்னேன். சரளமாகத்தான் வந்தது.

கூண்டில் ஏறினேன். சத்தியம் செய்தேன். மேடம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எழுத்து என்னுடையது. வரி எல்லோருக்கும் எழுதுவது. மொட்டை போட்டவனுக்கும் அதே வரிதான் என்று சொன்னபோது கோர்ட்டில் சிரித்தார்கள். நீதிபதியும் லேசாகச் சிரித்தார். நல்ல நேரம் என்று நினைத்தேன்.

அரசு வக்கீல் எழுந்தார்.

"கடிதத்தப் படிச்சிட்டுதானே கையெழுத்துப் போட்டுச்சு?"

"படிச்சா."

"அப்போ ஏதாவது சொல்லுச்சா?"

"சொல்ல வந்தா. நான் விடல."

"என்ன சொல்ல வந்துச்சு?"

இதுதான் இடம். கதவோரம் சுடலைமுத்து. நான் அவரைப் பார்க்காமல் இருக்க கட்டையைப் பார்த்தேன்.

"தெரியாது."

"எறிஞ்சேன்னு சொல்ல வந்திருக்கலாம்?"

"தெரியாது."

"கேட்டீங்களா?"

"கேக்கல."

"அப்புறமாவது?"

"கேக்கல."

அவர் உட்கார்ந்துவிட்டார். வேறு கேள்வி இல்லை.

உண்மை சொன்னேன் என்று பெருமைக்கு எழுதவில்லை. மூன்று நாள் பழக்கிய வார்த்தை அந்த இடத்தில் வரவில்லை. அவ்வளவுதான். இறங்கும்போது டவாலி என் கையைப் பிடித்தார். வேட்டி படியில் சிக்கியிருந்தது.

எதிரி விடுதலை

தீர்ப்பு ஒரு மாதத்தில் வந்தது. விடுதலை. சுடலைமுத்து வராண்டாவிலேயே உட்கார்ந்து அழுதார். மறுநாள் ஆபீஸ் வாசலில் பத்துத் தேங்காய் இருந்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை என் முன்னால் வைத்தார். விரல் வைத்து வரி வரியாகப் படித்தேன்.

கடிதத்தை எழுதிக் கொடுத்த சாட்சி, எதிரியிடம் எதுவும் கேட்காமலேயே எழுதியிருக்கிறார். அதனால் கடிதத்தை முழுமையாக நம்ப முடியாது. ஆனால் எதிரி அந்த நேரத்தில் குற்றத்தை மறுத்ததாகவும் சாட்சி சொல்லவில்லை. ஆகவே சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்யப்படுகிறது.

"விடுதலைதானே மேடம்" என்றேன்.

"மத்தவங்களுக்கு விடுதலை. போலீஸ் வேலைக்கு இது போதாது" என்றார். "குற்றமே செய்யலன்னு இருக்கணும். சந்தேகத்துல விட்டாங்கன்னா, கேஸ்ல இருந்தவன்னுதான் எடுத்துக்குவாங்க."

அன்றைக்குத்தான் எனக்கு அது தெரியும். முன்னாலேயே தெரிந்திருந்தால் கூண்டில் அந்த வார்த்தை வந்திருக்குமா? அதுவும் தெரியாது.

அடுத்து ஆள் எடுத்தபோது பேச்சி எழுத்துத் தேர்வில் தேறினாள். ஓட்டத்தில் அவள் பிரிவில் முதல் ஆளாக வந்தாள் என்று சொன்னார்கள். பிறகு விசாரணை வந்தது. இரண்டு போலீஸார் இலஞ்சிக்குப் போய் அக்கம்பக்கம் விசாரித்தார்கள். தெருவே நல்ல பிள்ளை என்றது. தீர்ப்பு நகலையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இரண்டு வரியில் பதில் வந்தது. நிராகரிப்பு.

மேடம் மதுரை ஐகோர்ட்டில் ரிட் மனு போட்டார். அதுவும் நிற்கவில்லை. மேல்முறையீடு போகலாம், வேலைக்கு இன்னும் வயது இருக்கிறது என்றார். பேச்சிதான் வேண்டாம் என்றுவிட்டாள்.

சுடலைமுத்து அதற்குப் பிறகு ஆபீஸுக்கு வரவில்லை. பஜாரில் எதிரே பார்த்தால் கடைப் பலகையைப் படிப்பார். அவருக்கு அவ்வளவாகப் படிக்கத் தெரியாது.

நான் மன்னிப்புக் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. பிள்ளைகள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஆனால் தேதி போடுவதற்கு முன்னால் கேட்டேன். பெற்றோரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன். செய்யலன்னு சொன்ன பிள்ளைக்கு அந்த வரியை எழுதவில்லை. 'நடந்ததற்கு வருந்துகிறேன், நான் செய்யவில்லை' என்று எழுதினேன். சில இடத்தில் அது செல்லவில்லை. இரண்டு பிள்ளைகள் டி.சி. வாங்கினார்கள். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எது சரி என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

குற்றாலத்தில்

இந்த வருஷம் சீசனில் ஒரு நாள் சொந்தக்காரர்கள் வந்தார்கள் என்று மெயின் அருவிக்குப் போனேன். நல்ல சாரல். சிப்ஸ் வறுக்கிற எண்ணெய் வாசனையும் ஈரத்துணி வாசனையும். கூட்டம். பெண்கள் பக்கம் விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுப் பெண்களுக்காகத் துணிப் பையை வைத்துக்கொண்டு உடை மாற்றும் அறைப் பக்கம் நின்றேன். அங்கே விசில் ஊதிக்கொண்டிருந்தது பேச்சி.

செக்யூரிட்டி டிரெஸ். சீசனுக்கு மட்டும் காண்ட்ராக்டர் எடுக்கிற வேலை. தொப்பி கொஞ்சம் பெரிது, காதில் இறங்கியது. அவளுக்குப் பத்தடி தள்ளி ஒரு பெண் போலீஸ் நின்றாள். ஏறக்குறைய அதே வயது. அவளிடமும் ஒரு விசில்.

நழுவிவிடலாம் என்று திரும்பினேன்.

"அண்ணாச்சி!"

வந்தாள். முகத்தில் தண்ணீர்.

"என்ன, பாத்தும் பாக்காத மாதிரி போறிய?"

"இல்ல... பை நனையுதேன்னு..."

"நனையாமயா இருக்கும், குத்தாலத்துல?" சிரித்தாள். மேடத்தை விசாரித்தாள். அப்பாவுக்கு முழங்கால் வலி, மரம் ஏறுவதில்லை என்றாள். "ஆண்டவன் புண்ணியத்துல விழாம நிறுத்திட்டாவ" என்றாள்.

எனக்கு வாய் வந்துவிட்டது.

"ஏட்டி, அன்னைக்கு ஆபீஸ்ல ஒண்ணு சொல்ல வந்தியே. என்ன சொல்ல வந்தே?"

அவள் விசில் கயிற்றை விரலில் சுற்றினாள். பிரித்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"அதுவா? தேதி போட மறந்துட்டிய அண்ணாச்சி. அதச் சொல்ல வந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதப் போயி இத்தன வருஷமா நெனச்சிட்டே இருக்கியளா?"

பின்னால் ஒரு கும்பல் ஈரத்தோடு ஓடி வந்தது. "அக்கா, ஓடாதீய, வழுக்கும்! ஏட்டி, செருப்பக் கையில எடு!" என்று கத்திக்கொண்டே போனாள். விசில் ஊதினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். பழைய கட்டுகள் பரணில் இருக்கும். ஏணி வைத்து ஏறி, தூசி தட்டி, அவள் கேஸ் கட்டை இறக்கினேன். கயிறு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். கடிதத்தின் நகல் நடுவில் இருந்தது.

வலது பக்கம், மேலே, தேதி இருந்தது. என் எழுத்து. தெளிவாக.

கூண்டில் எனக்கு வராத பொய் அவளுக்கு வந்திருக்கிறது.

கட்டைப் பழையபடி கட்டினேன். ஏணியில் ஏறி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.